சின்னத் தறிப் பேட்டை முதல் கண்ணகி நகர் வரை: சிந்தாதிரிப்பேட்டையில் தங்குதலும் பெயர்தலும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியப் பெருநகரங்களின் பழைய உட்பகுதிகளில் குடியிருப்போர் தொகை தேங்குவதும் குறைவதும் அண்மைக் கணக்கெடுப்புகளால் புலப்படும் செய்தியாகும். மக்கள் ஏன் ஓரிடத்தில் தங்குகின்றனர், ஏன் பெயர்கின்றனர் என்னும் வினாவை, 1734-ஆம் ஆண்டில் நெசவாளர் குடியிருப்பாகத் தோற்றுவிக்கப்பட்ட சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பெயர்ந்து செல்லும் ஆற்றல் உழைப்போரின் பேரவலிமையாக இருந்தது. அவர்களை இருத்தவே ஊர் அமைக்கப்பட்டது. 21-ஆம் நூற்றாண்டில் அதே ஆற்றங்கரைகளிலிருந்து உழைப்போரைப் பெயர்க்கவே வேறோர் ஊர் அமைக்கப்பட்டது. மக்கள்தொகை எண்கள் விரும்பிப் பெயர்ந்தோரையும் பெயர்க்கப்பட்டோரையும் ஒன்றாகவே காட்டுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவது வரலாற்றாய்வின் கடமை என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச் சொற்கள்: சிந்தாதிரிப்பேட்டை, நெசவாளர், குடிப்பெயர்வு, கூவம், மறுகுடியமர்வு, நகர வரலாறு.

1. முன்னுரை

தம் ஊரைவிட்டு நீங்குதலை அறியாத பழங்குடிகள் வாழும் ஊர் என்பதைப் புகாரின் சிறப்புகளுள் ஒன்றாகச் சிலப்பதிகாரம் மங்கல வாழ்த்துப் பாடலிலேயே எடுத்துரைக்கிறது. ஆனால் அக்காப்பியத்தின் கதையோ அத்தகைய பெருங்குடியில் பிறந்த இருவர் பொருளிழந்து, விடியுமுன் எவரும் அறியாமல் புகாரைவிட்டு நீங்கி மதுரை நோக்கி நடந்த கதையாகும். ஊர்ப்பற்று குறைந்ததால் கோவலனும் கண்ணகியும் பெயரவில்லை. இழந்த பொருளை மீண்டும் ஈட்ட வேறோர் ஊர் வேண்டியிருந்ததால் பெயர்ந்தனர். தங்குதலைப் போற்றும் மரபும் பெயர்தலை நேர்விக்கும் வாழ்வும் தமிழிலக்கியத்தில் இவ்வாறு ஒருங்கே இடம்பெறுகின்றன.

நகர வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நகரங்களின் வளர்ச்சியையே எழுதியுள்ளனர். யார் வந்தனர், எந்தப் பேட்டை எப்போது தோன்றியது, எந்தச் சாலை எவர் பெயரைப் பெற்றது என்பன விரிவாகக் கிடைக்கின்றன. யார் சென்றனர், ஏன் சென்றனர், அருகிலிருந்தோர் செல்லும்போது சிலர் மட்டும் ஏன் செல்லவில்லை என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. சென்னையின் நடுப்பகுதியில், கூவம் ஆற்றின் வளைவுக்குள் அமைந்த சிந்தாதிரிப்பேட்டை இவ்வினாக்களுக்கு ஏற்ற களமாகும். அது தானாக வளர்ந்த ஊரன்று. யார் அங்கே குடியிருக்கலாம் என்று எழுதி வைத்துத் தொடங்கப்பட்ட ஊர். எனவே தங்குதலும் பெயர்தலும் அதன் வரலாற்றில் தொடக்கம் முதலே வெளிப்படையான சிக்கல்களாக இருந்துள்ளன.

2. எண்கள் காட்டுவனவும் மறைப்பனவும்

2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43,43,645. 2011-இல் அது 46,46,732. பத்தாண்டு வளர்ச்சி ஏறத்தாழ 7 விழுக்காடு. அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதும் 15.6 விழுக்காடு வளர்ந்தது. சென்னையைச் சூழ்ந்த அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 விழுக்காடும் திருவள்ளூர் மாவட்டம் ஏறத்தாழ 35 விழுக்காடும் வளர்ந்தன. மாநிலத்தின் வேலைவாய்ப்பு மிகுதியாகக் குவிந்துள்ள நகரம், மாநிலத்தின் சராசரியில் பாதியளவே வளர்ந்தது. பிறப்புக்கும் இறப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கருதினால், இக்காலத்தில் நகருக்குள் வந்து குடியேறியோரைவிட நகரிலிருந்து புறநகர்களுக்குப் பெயர்ந்தோர் குறைந்தவரல்லர் என்பது விளங்கும்.

வேறு சில பழம் பெருநகரங்களில் இப்போக்கு தெளிவான சரிவாகவே வெளிப்பட்டது. மும்பைத் தீவு மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 33,38,031 ஆக இருந்து 2011-இல் 30,85,411 ஆகக் குறைந்தது. கொல்கத்தாவில் 45,72,876 என்பது 44,96,694 ஆயிற்று. சென்னை மாவட்டம் இவ்வாறு சரியவில்லை; தேக்கத்தின் எல்லையை நெருங்கியது.

இத்தகைய தேக்கம் சென்னைக்கு முற்றிலும் புதியதன்று. 1871-இல் 3,97,552 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1881-இல் 4,05,848 மட்டுமே. இவற்றுக்கிடையே 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் நிகழ்ந்தது. 1911-இல் 5,18,660 ஆக இருந்தது 1921-இல் 5,26,911 ஆயிற்று. இப்பத்தாண்டில் உலகப் போரும் 1918-ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலும் வந்தன. அத்தேக்கங்களில் பஞ்சமும் நோயும் சாவும் பெரும் பங்கு வகித்தன. 21-ஆம் நூற்றாண்டின் தேக்கத்தில் அத்தகைய பேரிடர் இல்லை. நகரின் வணிகமும் வருவாயும் பெருகிய காலத்திலேயே அது நேர்ந்தது. இவ்வேறுபாடு விளக்கம் வேண்டுவது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2011 அக்டோபரில் மாநகராட்சியின் எல்லை ஏறத்தாழ 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 சதுரக் கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. விரிந்த எல்லையின் மொத்த எண்ணை மட்டும் நோக்குவோர்க்குச் சென்னை விரைந்து வளரும் நகரமாகவே தோன்றும். பழைய மையத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குப் பெயர்ந்த குடும்பம் புதிய கணக்கில் எங்கும் செல்லாத குடும்பமாகிவிடும். எல்லைக்கோட்டை நகர்த்துவதால் பெயர்தல் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறது.

3. குடிகளை இருத்த ஓர் ஊர்: 1734

18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை வாணிகம் பருத்தித் துணியை நம்பியிருந்தது. துணி நெய்வோரில் பெரும்பாலோர் கம்பெனியின் எல்லைக்கு வெளியே, உள்நாட்டு ஊர்களில் வாழ்ந்தனர். அவர்களிடம் துணி பெற வணிகர்கள் வழியாக முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது. போரோ பஞ்சமோ வந்தால் துணியும் வராது, பணமும் திரும்பாது. எனவே நெசவாளரைத் தம் எல்லைக்குள் குடியமர்த்துவது கம்பெனிக்கு வாணிகத் தேவையாயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் திருவொற்றியூருக்கு அருகே அமைந்த காலடிப்பேட்டை இம்முயற்சியின் முந்தைய எடுத்துக்காட்டு.

ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட்டின் காலத்தில், 1734-இல், கூவம் வளைவிலிருந்த ஒரு தோட்டம் இதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. அத்தோட்டம் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து அப்பொறுப்பை இழந்த சுங்குராமருடையது. மூன்று பக்கமும் ஆறு வளைந்தோடியதால் நூலையும் துணியையும் நனைக்கவும் வெளுக்கவும் நீர் அருகிலேயே கிடைத்தது. மரநிழல் தறிக்கு உதவியது. அங்கே அமைந்த குடியிருப்பே சின்னத் தறிப் பேட்டை எனப் பெயர் பெற்றுப் பின்னர்ச் சிந்தாதிரிப்பேட்டை எனத் திரிந்தது என்பது பரவலாக ஏற்கப்படும் பெயர்க்காரணம்.

இக்குடியிருப்பின் நிபந்தனைகளை ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட பழஞ்சென்னை பற்றிய ஆவணத் தொகுப்பு தெரிவிக்கிறது. நூல் நூற்போர், நெசவாளர், துணியில் வண்ணம் தீட்டுவோர், சாயமிடுவோர், வெளுப்போர், அந்தணர், கோயில் ஆடல் மகளிர், கோயிலுக்கு வேண்டிய பிற பணியாளர் ஆகியோரே அங்குக் குடியிருக்கலாம் என வரையறுக்கப்பட்டது. இப்பட்டியலில் துணித்தொழிலோடு கோயிலும் இடம்பெறுவதைக் கருத வேண்டும். வேலை மட்டும் தந்தால் குடிகள் தங்கமாட்டார்கள் என்பதை இவ்வூரை அமைத்தோர் அறிந்திருந்தனர். வழிபாடும் விழாவும் இல்லாத இடம் அக்கால மக்களுக்கு ஊராகாது. ஆதியப்ப நாராயணச் செட்டியின் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அருகருகே எழுந்தன. வைணவமும் சைவமும் பக்கம் பக்கமாக இடம்பெற்ற இவ்விரட்டைக் கோயிலமைப்பு, பட்டணத்தின் சென்னக்கேசவர், சென்ன மல்லீசுவரர் கோயில்களை நினைவூட்டுவது. வெவ்வேறு மரபினரை ஒரே பேட்டையில் இருத்துவதற்கு அது துணைசெய்தது எனக் கொள்ளலாம்.

ஆகவே சிந்தாதிரிப்பேட்டையின் தொடக்கத்தில் வேலை, வீடு, நீர், கோயில் ஆகிய நான்கும் நடந்து செல்லும் தொலைவுக்குள் ஒருங்கே வைக்கப்பட்டன. தங்குதலுக்கான காரணங்களைத் திட்டமிட்டு ஓரிடத்தில் குவித்த முயற்சி இது.

4. பெயர்தல் என்னும் வலிமை

கம்பெனி இத்துணை முயற்சி எடுத்ததற்குக் காரணம் நெசவாளர்பால் கொண்ட பரிவு அன்று. அவர்கள் எளிதில் பெயரக்கூடியவர்கள் என்பதே காரணம். தென்னிந்திய நெசவாளர் குறித்துப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் வெளியிட்ட நூல் 1720 முதல் 1800 வரையிலான காலத்தை ஆராய்கிறது. நெசவாளர் பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலக முடிந்ததையும், நிலைமை ஒவ்வாதபோது வேறிடம் பெயர முடிந்ததையும், அதனால் வணிகரோடு பேரம் பேசும் வலிமை அவர்களுக்கு இருந்ததையும் அந்நூல் நிறுவுகிறது. கம்பெனியின் அரசியல் அதிகாரம் வளர்ந்த பின் இவ்வலிமை ஒடுக்கப்பட்டது என்பதும் அதன் முடிவாகும்.

பெயர்தல் நெசவாளர்க்கு மட்டும் உரிய கருவியாக இருக்கவில்லை. 1707–08 ஆம் ஆண்டுகளில், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, வலங்கை இடங்கைப் பூசல் பட்டணத்தில் மூண்டது. ஊர்வலம் செல்லும் தெருக்களைப் பற்றி எழுந்த அப்பூசலில், வலங்கையினரில் ஒரு பகுதியினர் பட்டணத்தைவிட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். வேலையும் வாணிகமும் தடைப்பட, அவர்களைத் திரும்ப அழைக்கப் பேச்சு நடத்துவதன்றிக் கம்பெனிக்கு வேறு வழியில்லை. குடிகள் நீங்கிய ஊர் வருவாயற்ற ஊராகும் என்பதை ஆட்சியும் குடிகளும் ஒருங்கே அறிந்திருந்தனர்.

அடுத்த தலைமுறையில் வேறு வகையான சோதனை வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. 1749-இல்தான் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அக்காலத்தில் சென்னை வணிகரைப் புதுச்சேரிக்குக் குடிபெயரச் செய்யத் துய்ப்ளே முயன்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அக்காலப் புதுச்சேரியின் உள்நிலையை நமக்குக் காட்டுகிறது. ஆணையிட்டும் அவர் எதிர்பார்த்த அளவில் வணிகர் செல்லவில்லை. நகரம் வீழ்ந்தபோது பலர் அதைவிட்டு நீங்கினர். ஆனால் வெற்றி பெற்றவர் காட்டிய ஊருக்கு அவர்கள் செல்லவில்லை. எப்போது நீங்குவது, எங்கே செல்வது என்பதைத் தாமே முடிவு செய்தனர்.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், நிலை தாழும் அமைப்புகளில் உள்ளோர்க்கு வெளியேற்றம், குரல், பற்று என்னும் மூன்றையும் விளக்கினார். வெளியேற முடியும் என்னும் நிலையே குரலுக்கு வலு சேர்க்கலாம் என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. 18-ஆம் நூற்றாண்டுச் சென்னைக்கு இது நன்கு பொருந்துகிறது. நெசவாளரின் தங்குதல் மதிக்கப்பட்டதற்குக் காரணம் அவர்களால் பெயர முடிந்ததே.

5. தறி போன பின்னும் நின்ற ஊர்

1813-இல் கம்பெனியின் இந்திய வாணிகத் தனியுரிமை நீங்கியது. 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் வாணிகமே முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தின் ஆலைத் துணி சந்தையை நிரப்பியது. சிந்தாதிரிப்பேட்டை எதற்காகத் தோன்றியதோ அத்தேவை மறைந்தது.

ஒரே தொழிலுக்காக அமைந்த ஊர் அத்தொழில் மறைந்தால் ஆளற்றுப் போகும் என எதிர்பார்ப்பது இயல்பு. அமெரிக்காவின் டெட்ராய்ட் அதற்குப் பெயர்பெற்ற சான்று. 1950-இல் 18,49,568 ஆக இருந்த அதன் மக்கள்தொகை 2010-இல் 7,13,777 ஆகச் சுருங்கியது. ஊர்தித் தொழிலில் வேலைகள் நீங்கியது அதன் தலையாய காரணங்களுள் ஒன்று. மும்பைத் தீவின் பஞ்சாலைப் பகுதிகளும் 1982-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் மூடப்பட, பழைய தொழிலாளர் குடிகளை இழந்தன.

சிந்தாதிரிப்பேட்டைக்கு அவ்வாறு நேரவில்லை. நெசவுக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் வேறு பலவற்றுக்கும் பயன்பட்டதே அதற்குக் காரணம். கோட்டைக்கும் மவுண்ட் ரோட்டுக்கும் திருவல்லிக்கேணிக்கும் அருகிலிருந்ததால், அலுவலகப் பணியாளரும் ஆசிரியரும் சிறு வணிகரும் அங்கே குடியேறினர். அமெரிக்க மதராஸ் மிஷனைச் சேர்ந்தவரும், 1862-இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியின் தொகுப்பாசிரியருமான மிரன் வின்சுலோவின் பணிக்களமாகச் சிந்தாதிரிப்பேட்டை விளங்கியது. அங்குள்ள சீயோன் ஆலயத்தில் டபிள்யூ. டி. சத்தியநாதன் நெடுங்காலம் ஆயராக இருந்தார்; அவர் குடும்பத்தினர் கல்வியிலும் எழுத்திலும் பெயர் பெற்றனர். 1734-ஆம் ஆண்டின் நிபந்தனைப் பட்டியலில் இடம் பெற்றிருக்க முடியாதவர்கள் இவ்வாறு பேட்டையின் வாழ்வில் பங்குகொண்டனர். குடிகள் மாறினர், குடியிருப்பு நின்றது.

1942-ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் இதனை வலியுறுத்துகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பின், சென்னையும் தாக்கப்படும் என்னும் அச்சம் பரவியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. இன்றியமையாப் பணியில் இல்லாதோர் நகரைவிட்டு நீங்க அறிவுறுத்தப்பட்டனர். நகர மக்களில் மிகப் பெரும் பகுதியினர் நீங்கினர். அச்சம் தணிந்து அலுவலகங்கள் திரும்பியதும் மக்களும் திரும்பினர். 1941-இல் 7,77,481 ஆக இருந்த மக்கள்தொகை, இடையில் எல்லை விரிந்ததையும் சேர்த்து, 1951-இல் 14,16,056 ஆயிற்று. வேலை நிலைத்திருந்தால் ஆளற்ற நகரம் மீண்டும் நிரம்பும். அவ்வாறாயின் வேலை நிலைத்திருந்தும் குடிகள் குறைவது ஏன் என்பதே அடுத்த வினா.

6. விரும்பிப் பெயர்ந்தோர்

20-ஆம் நூற்றாண்டில் நகரின் நடுப்பகுதியைவிட்டு முதலில் பெயர்ந்தோர் வசதி படைத்தோர். 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாயிற்று. விடுதலைக்குப் பின் நகர மேம்பாட்டு அறக்கட்டளையும், 1961-இல் தோன்றிய வீட்டுவசதி வாரியமும் புதிய மனைகளையும் வீடுகளையும் அமைத்தன. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையொட்டி அண்ணா நகர் வளர்ந்தது. அகன்ற தெரு, தனி வீடு, குழாய் நீர், ஊர்தி நிறுத்த இடம் ஆகியவற்றை விரும்பியோர்க்குப் பழைய பேட்டையின் ஒட்டு வீடுகள் போதவில்லை.

பெயர்தலை விரைவாக்கிய பிற காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. முதலாவது, பாகப்பிரிவினை. ஒரு தலைமுறையில் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு மூன்றாம் தலைமுறையில் பல பங்காளிகளுக்கு உரியதாகிறது. குறுகிய முகப்பும் நீண்ட உட்பகுதியும் கொண்ட மனையை வாழத்தக்க வகையில் பிரிப்பது அரிது. விற்றுப் பணத்தைப் பிரிப்பது எளிது. இரண்டாவது, வாடகை. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய குடித்தனக்காரர்கள் தங்க உதவியது; அதே வேளையில், குறைந்த வாடகை பெற்ற உரிமையாளர் வீட்டைப் பழுதுபார்க்க முன்வரவில்லை. 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து அப்பழைய காப்பு நீங்கியது. மூன்றாவது, வணிகம். மவுண்ட் ரோட்டுக்கு அருகிலும், மின்னணுப் பொருள் விற்பனைக்குப் பெயர்பெற்ற ரிச்சி தெருவுக்கு அண்டையிலும் உள்ள இடத்தில் கீழ்த்தளத்தைக் கடைக்கோ கிடங்குக்கோ விட்டால் கிடைக்கும் வருவாயைக் குடித்தன வாடகை தராது.

இங்கேதான் டெட்ராய்ட்டுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. அங்கே வேலை நீங்கியதால் வீடுகள் வெறுமையாயின. இங்கே வேலையும் வாணிகமும் பெருகியதால் வீடுகள் கடைகளாயின. பகலில் நெரிசல் மிகுந்தும் இரவில் குடி குறைந்தும் காணப்படும் தெருக்கள் நலிவின் அடையாளமல்ல. நிலத்தின் விலை குடியிருப்போரை விஞ்சியதன் அடையாளம். இவ்வகையில் பெயர்ந்தோர் பெரும்பாலும் ஏதேனும் கைக்கொண்டு சென்றனர்: விற்ற பங்கின் பணம், மாத ஊதியம் அல்லது வங்கிக் கடன் பெறும் தகுதி. அவர்களுடைய பெயர்தல் இழப்பு கலந்ததாயினும் அவர்களே எடுத்த முடிவு.

7. பெயர்க்கப்பட்டோர்

இம்முடிவை எடுக்கும் வாய்ப்பே இல்லாதோர் கூவத்தின் கரைகளில் வாழ்ந்தனர். 18-ஆம் நூற்றாண்டில் துணி வெளுக்க உதவிய ஆறு, 20-ஆம் நூற்றாண்டில் கழிவுநீர் ஓடும் பாதையாயிற்று. எவரும் விரும்பாத அக்கரைகளே, மனை வாங்கவும் வாடகை தரவும் இயலாத உழைப்பாளருக்கு நகரின் நடுவே கிடைத்த இடமாயின. சுமை தூக்குவோர், மீன் விற்போர், வீட்டுவேலை செய்யும் பெண்கள், தூய்மைப் பணியாளர், பழைய பொருள் பிரிப்போர் எனப் பலர் அங்கே தங்கினர். ஆறு நாறினாலும் வேலை நடைதூரத்தில் இருந்தது.

1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. 1971-இல் அதற்குரிய சட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் பல இடங்களில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயோ அதற்கு அருகிலேயோ அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. நகர நிலத்தின் விலை உயர உயர அணுகுமுறை மாறியது. 2000-ஆம் ஆண்டு முதல் பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிக் கண்ணகி நகரும், அதன் பின்னர்ப் பெரும்பாக்கமும் பெரும் மறுகுடியமர்வு இடங்களாயின. 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் கூவம் சீரமைப்புத் திட்டமும் ஆற்றங்கரைக் குடிகளை அகற்றும் பணியை விரைவுபடுத்தின. நகர மையத்தின் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அக்குடியிருப்புகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

வெள்ளப் பெருக்கில் கரையோர வாழ்வு உயிருக்கு ஊறு விளைப்பது என்பதை மறுக்க இயலாது. ஆற்றைக் காப்பதும் நகரின் தேவையே. கல்சுவரும் குழாயும் கழிப்பறையும் கொண்ட வீட்டை விரும்பிப் பெற்றோரும் உண்டு. சிக்கல் வீட்டில் இல்லை, தொலைவில் உள்ளது. விடியற்காலையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவருக்கும், ஒரு நாளில் மூன்று வீடுகளில் வேலை செய்பவருக்கும் 20 கிலோமீட்டர் என்பது பேருந்துக் கட்டணமும் இரண்டு மணி நேரமும் மட்டுமன்று. அந்த வேலையே இல்லாமற்போவது. மறுகுடியமர்வு குறித்த ஆய்வுகள் வேலை இழப்பையும், பள்ளியிலிருந்து பிள்ளைகள் இடைநிற்பதையும், பலர் மீண்டும் நகரத்துக்குள் வாடகைக்குத் திரும்புவதையும் தொடர்ந்து பதிவு செய்துள்ளன. அவ்வாறு திரும்புவோர் ஊர்ப்பற்றினால் மட்டும் திரும்புவதில்லை. பிழைப்பு அங்கே உள்ளது.

1734-ஐயும் 2000-க்குப் பிந்தைய காலத்தையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு தலைகீழ் மாற்றம் புலப்படுகிறது. முன்னது, உழைப்போரை வேலைக்கு அருகில் இருத்த ஆட்சி அமைத்த ஊர். பின்னது, உழைப்போரை வேலையிலிருந்து தொலைவில் வைக்க ஆட்சி அமைத்த ஊர். முன்னதில் குடிகள் பெயர்ந்துவிடுவரோ என்று ஆட்சி அஞ்சியது. பின்னதில் தாம் பெயர்க்கப்படுவோமோ என்று குடிகள் அஞ்சினர். நெசவாளர் கையில் வலிமையாக இருந்த பெயர்தல் இவர்கள் மீது விதிக்கப்பட்டதாயிற்று. உழைப்பு அரிதாக இருந்த காலமும் நிலம் அரிதான காலமும் குடிகளை நடத்திய முறையில் இவ்வாறு வேறுபட்டன.

8. தங்கியோர்

இத்தனைக்கும் பின்னர்ச் சிந்தாதிரிப்பேட்டை குடியற்ற பேட்டையாகிவிடவில்லை. ஆங்கே தங்கியோரை மூவகையாகக் கருதலாம். முதல் வகையினர், கீழே கடையும் மேலே வீடுமாக வாழும் உரிமையாளர். வேலையும் வீடும் ஒன்றான பழைய அமைப்பு இவர்களிடம் தொடர்கிறது. இரண்டாம் வகையினர், நெடுநாள் குடித்தனக்காரர். இவ்வாடகையில் வேறெங்கும் இடம் கிடைக்காது என்பதால் தங்குவோர். மூன்றாம் வகையினர், மீன் அங்காடியையும் கிடங்குகளையும் பட்டறைகளையும் நம்பி வாழும் உழைப்பாளர். 1995-இல் பறக்கும் ரயிலின் முதற்பகுதி திறக்கப்பட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நிலையம் கிடைத்தது. ரயில் ஒருபுறம், வெளியே வாழ்ந்துகொண்டு இங்கே வேலைக்கு வருவதை எளிதாக்கியது. மறுபுறம், இங்கே வாழ்ந்துகொண்டு வேறிடம் வேலைக்குச் செல்வதையும் எளிதாக்கியது.

கோயிலும் ஆலயமும் பள்ளியும் தங்குதலில் என்ன பங்கு வகிக்கின்றன? அவை உறவை நிலைநிறுத்துகின்றன. குடியிருப்பை நிலைநிறுத்தும் ஆற்றல் அவற்றுக்குத் தனியே இல்லை. விழா நாளில் புறநகரிலிருந்து வந்து வழிபட்டுச் செல்லும் குடும்பம் பேட்டையோடு உறவுடையது, ஆனால் பேட்டையின் குடியன்று. பற்று பெயர்ந்த பின்னும் தொடரும். தங்குவதற்குப் பற்று மட்டும் போதாது; வேலைக்கு அருகே, தாங்கக்கூடிய வாடகையில், அகற்றப்படும் அச்சமின்றி வாழும் வீடு வேண்டும். இம்மூன்றில் ஒன்று அறுந்தால் பற்றுடையோரும் பெயர்வர்.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, நகரின் உட்பகுதியில் குடி குறைவது எப்போதும் நலிவின் விளைவன்று. வணிகச் செழிப்பும் அதற்குக் காரணமாகலாம். இரண்டாவது, தங்குதலையும் பெயர்தலையும் ஊர்ப்பற்றின் மிகுதியாலோ குறைவாலோ விளக்குவது பொருந்தாது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தொலைவை யார் முடிவு செய்கிறார் என்பதே தலையாயது. மூன்றாவது, கணக்கெடுப்பில் ஒரே எண்ணாகத் தோன்றும் குறைவுக்குள் பங்கை விற்றுச் சென்ற குடும்பமும், லாரியில் ஏற்றப்பட்ட குடும்பமும் அடங்கியுள்ளன. இவ்விரண்டையும் பிரிக்காமல் எழுதப்படும் நகர வரலாறு, அகற்றலை இயல்பான பெயர்வாகக் காட்டிவிடும்.

இதனைப் பிரித்தெழுதச் சான்றுகள் உள்ளன. சொத்துவரிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, ஆலயத் திருமுழுக்கு–திருமணப் பதிவேடு, கோயில் கட்டளைக் கணக்கு, பாகப்பிரிவினைப் பத்திரம், மறுகுடியமர்வு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஆகியவற்றைத் தெருவாரியாக ஒப்பிட்டால், ஒவ்வொரு குடும்பமும் எப்போது, எவ்வாறு நீங்கியது என்பதைத் தொகுக்க இயலும். அகற்றப்பட்டோரின் வாய்மொழி வரலாற்றை அவர்களுள் மூத்தோர் இருக்கும்போதே பதிவு செய்வது இன்னும் உடனடித் தேவை. ஆற்றங்கரைத் தெருக்கள் வரைபடத்திலிருந்து நீங்கிய பின், அங்கே ஒரு குடியிருப்பு இருந்ததற்கு அவர்கள் நினைவே பெரும்பாலும் எஞ்சும் சான்று.

புகாரைவிட்டு நீங்கிய கண்ணகியின் பெயரை, நகர மையத்தைவிட்டு நீக்கப்பட்டோரின் குடியிருப்பு தாங்கி நிற்கிறது. காப்பியத் தலைவி தன் கணவனோடு, தாமே எடுத்த முடிவின்படி, பிழைப்பு நாடி நடந்தாள். இக்குடியிருப்பினர் பலர் பிழைப்பை விட்டுவரச் செய்யப்பட்டனர். சென்னையின் பழைய பேட்டைகளில் குடி ஏன் குறைகிறது என்று வினவும் ஆய்வு எதுவாயினும், இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.